ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

ஹட்டன் பஸ் நிலையத்தில் நான் இறங்கியபோது இரவு எட்டரை மணி. சனிக்கிழமை. மழை ஓய்ந்து தூறல் மட்டும் மிச்சமிருந்தது. கினிகத்தேனை வளைவுகளில் குலுங்கி வந்த உடம்போடு, மேட்டில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு நடந்தேன். நண்பர் இல்லை. "நோர்வூட் பக்கம் வாலிபர் கூட்டம் அண்ணே, வந்துருவாரு" என்றார் அவருடைய மனைவி. பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டிருந்தார்கள். எனக்கு ரொட்டியும் சம்பலும் வைத்துவிட்டு, மறுநாள் வகுப்புக்கு வேண்டிய படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பத்தே முக்காலுக்கு ஓட்டோ வந்து நின்றது. தோளில் கிட்டார் பையும் கையில் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரமுமாக நண்பர் இறங்கினார்.

பிரசுரத்தில் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். "ஊழியமும் குடும்பமும்: சமநிலை காண்பது எப்படி?" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. வாலிபர் ஊழியத்தில் ஈடுபட்டிருப்போருக்கான கருத்தரங்கு. நாள்: அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நேரம்: பிற்பகல் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. ஏற்பாட்டாளர்: என் நண்பர்.

"குடும்பத்தோடு வரலாமா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணே, ஊழியக்காரர்களுக்கு மட்டும். பிள்ளைகள் வந்தால் இடைஞ்சல்."

நான் சிரித்துவிட்டேன். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

அந்தச் சபை எது, அந்த மண்டபம் எங்கே இருக்கிறது என்று நான் எழுதப் போவதில்லை. கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்தர், சுயாதீன சபையார் என்று மலையகத்தின் எல்லாப் பிரிவுகளிலும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எல்லாரிடமும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தால் போதும்.

*

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு, தலைப்பைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். நேரத்தைத் திட்டமிடுங்கள். சாப்பாட்டு வேளையில் தொலைபேசியை அணைத்து வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மனைவியை வெளியே அழைத்துச் செல்லுங்கள். குடும்ப ஜெபத்தைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொன்றும் நல்ல ஆலோசனைதான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது: உங்கள் வீடு குலைந்தால் அது உங்கள் குறை, உங்களுக்குத்தான் சமநிலை காணத் தெரியவில்லை.

சமநிலை என்றால் தராசு நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தராசு என்றால் கொழுந்து மடுவம். பெண்கள் வரிசையில் நிற்பார்கள். கொழுந்து நிறுக்கப்படும். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படும். கழித்தது போக மிஞ்சியதே பேருக்கு எதிரே எழுதப்படும். பறித்தவளிடம், "நீ இன்னும் கொஞ்சம் சரியாகப் பறித்திருக்கலாம்" என்று சொல்வது எளிது. தராசு யார் கையில் இருக்கிறது, கழிவை யார் தீர்மானிக்கிறார் என்று கேட்பதுதான் கடினம்.

ஊழியருடைய வாரத்தை நிறுக்கும் தராசு சபையின் கையில் இருக்கிறது. நாளை வகுப்பதும், கூட்டம் குறிப்பதும், விசேஷ ஆராதனை அறிவிப்பதும் சபை. அந்தக் கணக்கில் கேள்வியில்லாமல் கழிக்கப்படும் கிலோக்கள்தான் அவருடைய வீடு. தராசைக் கையில் வைத்துக்கொண்டே சமநிலையைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துவதை நான் நேர்மையாகக் கருதவில்லை.

*

அன்றிரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. அவருடைய கடந்த வாரத்தை நாள்வாரியாகச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். தொழில் பழக்கம் விடாது.

திங்கள், ஓய்வுநாள் என்று பெயர். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மரணவீடு. வாலிபர் குழுவிலுள்ள ஒரு பையனின் தகப்பன். காலையில் போனவர் அடக்கம் முடிந்து இருட்டியபின் திரும்பினார். செவ்வாய், பொகவந்தலாவைப் பக்கம் வீடு சந்திப்பு. வேலை முடிந்து சனங்கள் லயத்துக்கு வந்து சேரவே ஐந்து மணி ஆகும் என்பதால் சந்திப்பும் அதற்குப் பிறகுதான். கடைசி பஸ்ஸை விட்டால் ஓட்டோ. புதன், சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மண்டபத்தில் கணித வகுப்பு. வியாழன், பாடற்குழுப் பயிற்சி. வெள்ளி, இரவு ஜெபம். சனி, காலையில் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கு ஆயத்த வகுப்பு, மாலையில் நோர்வூட். ஞாயிறு, காலையில் இரண்டு ஆராதனைகள், பிற்பகலில் வாலிபர் ஐக்கியம். இவற்றுக்கு நடுவே தொலைபேசி. கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் பையன், முதலாளி அடித்துவிட்டார் என்று இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டே பேசுகிறான். அவனை எப்படி வைத்துவிடு என்று சொல்வது?

ஏழு இரவுகளில் ஐந்தில் பிள்ளைகள் தூங்கிய பிறகே அவர் வீடு வந்திருக்கிறார்.

எழுதி முடித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. புதன்கிழமை அவர் பதினெட்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். அவருடைய மூத்த மகளோ அதே கணிதத்துக்குப் பணம் கட்டி நகரத்தில் தனியார் வகுப்புக்குப் போகிறாள். அப்பாவிடம் படிக்க அவளுக்கு நேரம் ஒத்துவரவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருடைய மனைவி தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. விடிவதற்கு முன்னே எழுந்து சமைத்து, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, மாமியாருக்கு மருந்து எடுத்து வைத்துவிட்டுப் பஸ் ஏறுகிறவர். ஞாயிறு பாடசாலையில் அவருக்கும் ஒரு வகுப்பு உண்டு. வீட்டுக்கு வரும் வாலிபர்களுக்குத் தேநீர், சில நாள் சோறு, பஸ் தவறியவனுக்குப் படுக்கப் பாய் எல்லாம் அவர் பொறுப்பு. நண்பருக்காவது ஒரு நியமனக் கடிதமும் சிறிய மாதாந்தக் கொடுப்பனவும் உண்டு. இந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஒரு சம்பளத்துக்கு, அதுவும் அரைச் சம்பளத்துக்கு, இரண்டு பேரை வேலை வாங்கும் வித்தையை வெள்ளைக்காரத் துரைமாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டோமோ என்னவோ.

*

தேவை இல்லாமலா அவர் இப்படி ஓடுகிறார் என்று கேட்பீர்கள். தேவை உண்டு. அதை மறைத்து வாதாட நான் விரும்பவில்லை.

மலையகத்தில் சபைகள் செய்த நன்மையை அறியாதவன் அல்லன் நான். 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் அங்கிலிக்கன் மிஷனரிகள் தொடங்கிய பணி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசிமாரின் கால்களில் நடந்தது. கோப்பித் தோட்டக் காலத்தில், பெயரையே 'கூலி' என்று வைத்துக்கொண்ட அந்த மிஷன்தான் பல தோட்டங்களில் முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது. ஹட்டனில் மெதடிஸ்தர் ஊன்றிய ஹைலண்ட்ஸ் கல்லூரி 1892 முதல் எத்தனை தலைமுறைகளைக் கரையேற்றியிருக்கிறது! கண்டியில் 1972இல் சத்தியோதயத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ், தோட்டத் தொழிலாளருடைய வாழ்வை நாட்டின் மனச்சாட்சிக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினார். அரசும் கம்பனியும் கைவிட்ட இடங்களில் ஆலயமணி ஒலித்தது.

இன்றும் அப்படித்தான். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை. தகப்பன் கொழும்பில் கட்டட வேலை. பிள்ளைகள் பாட்டியோடு லயக் காம்பராவில். இப்படிப்பட்ட குடும்பங்கள் எந்தத் தோட்டத்திலும் உண்டு. 2024இல் நாளொன்றுக்கான அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது என்று பத்திரிகைகளில் பெரிதாகப் போட்டோம். அந்தக் காசில் ஒரு வீட்டை ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் ஏன் பையன்கள் பத்தாம் வகுப்போடு பஸ் ஏறுகிறார்கள் என்று விளங்கும். அந்தப் பையனுக்கு ஆசிரியரும் அண்ணனும் வழக்கறிஞரும் சில வேளை தகப்பனும் ஆகிறவர் வாலிபர் ஊழியர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது, ஆலய மண்டபங்களில் பாய் விரித்ததும் உலர் உணவுப் பொதி சுமந்ததும் இத்தகைய இளைஞர்களே.

ஆகவே தேவை உண்மையானது. இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. பிரிந்து கிடக்கும் குடும்பங்களைத் தேற்றுவதற்காகவே ஓர் ஊழியம் இருக்கிறது என்றால், அது இன்னொரு குடும்பத்தைப் பிரித்துத்தான் நடக்க வேண்டுமா? அந்தப் பதினெட்டுப் பிள்ளைகளும் நண்பரிடம் கணிதம் மட்டும் கற்கவில்லை. ஒரு தகப்பன் எப்படி இருப்பான் என்பதையும் கற்கிறார்கள். எப்போதும் வேறெங்கோ இருப்பவன் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடத்தையே மறுபடியும் சொல்லிக்கொடுக்கிறோம்.

*

'ஊழியம்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சபைக்குள் அது புனிதமான சொல். சபைக்கு வெளியே அதற்கொரு பழைய வரலாறு உண்டு. டச்சுக்காரர் ஆட்சியில் இலங்கைக் கரையோரத்துச் சோனகரும் செட்டிமாரும் ஆண்டுதோறும் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். முடியாதவர்கள் ஈடாகப் பணம் கட்டினார்கள். திருவிதாங்கூரிலும் அதே சொல், அதே பொருள்: அரசுக்கும் கோயிலுக்கும் ஏழைச் சாதியார் சும்மா உழைத்துக் கொடுக்க வேண்டியது ஊழியம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ அங்கே ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களான ஏழைகள் ஒரு சலுகையைப் பெற்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழிய வேலைக்கு அவர்களை அழைக்கக் கூடாது.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் கிடைத்தது: ஊழியத்திலிருந்து விடுதலை பெற்ற நாளாக. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே நாளை, அதே சொல்லைச் சொல்லியே, சபை திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இதே சொல்லுக்கு இலங்கை அரசின் அகராதியில் வேறொரு பொருளும் உண்டு. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் கொடுப்பவர் நூற்றுக்குப் பன்னிரண்டும் ஊழியர் எட்டும் செலுத்த வேண்டும். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1954இல் வந்த சட்டம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேர வேலையும் ஒன்றரை நாள் விடுமுறையும் என்று வரையறுத்தது. ஹட்டன் கடைத்தெருவில் புடைவைக் கடையில் நிற்கும் பையன், சட்டம் மீறப்பட்டால் தொழில் திணைக்களத்தின் படியேறலாம். ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்வு என்ற கட்டளையைப் பிரசங்கிக்கும் என் நண்பரிடம் உங்கள் ஓய்வுநாள் எது என்று கேட்டபோது, திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

*

நீ வேதத்தை அறியாதவன், ஊழியத்தின் மேன்மை உனக்குத் தெரியாது என்று சிலர் சொல்லக்கூடும். நான் உபதேசியார் வீட்டுப் பிள்ளை. வேதப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியவன். அதனால் அவர்கள் அதிகம் பிரசங்கிக்கும் ஓர் அதிகாரத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

யாத்திராகமம் பதினெட்டு. காலை முதல் மாலை வரை மோசே உட்கார்ந்து சனங்களுடைய வழக்குகளைத் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்க்கிறார். இப்படிச் செய்தால் நீயும் களைத்துப்போவாய், சனங்களும் களைத்துப்போவார்கள், ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை நியமித்து வேலையைப் பகிர்ந்துவிடு என்கிறார். தலைமைத்துவப் பயிற்சி முகாம்களில் இந்தப் பகுதியைச் சொல்லாதவர் இல்லை. எத்திரோ எதற்காகப் பாலைவனத்துக்கு வந்தார் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. அதிகாரத்தின் தொடக்கத்திலேயே அது இருக்கிறது. மோசே அனுப்பிவிட்டிருந்த மனைவி சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற இரண்டு பிள்ளைகளையும் அவரிடம் கொண்டுவந்து சேர்க்கத்தான் அந்தக் கிழவர் வந்தார். மருமகனுடைய வேலைப்பளுவைப் பற்றிய ஆலோசனை அதற்கு மறுநாள்தான் வருகிறது. முதலில் வீட்டை ஒப்படைத்தார். பிறகு வேலையைக் குறைக்கச் சொன்னார். இன்னும் கவனியுங்கள்: நேரத்தை நன்றாகத் திட்டமிடு என்று எத்திரோ மோசேயிடம் சொல்லவில்லை. அமைப்பை மாற்று என்றார்.

சபை வரலாற்றிலும் இதன் மறுபக்கம் எழுதப்பட்டிருக்கிறது. மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் வெஸ்லி 1751இல் திருமணம் செய்துகொண்டார். மணமானதற்காகப் பிரசங்கி ஒருவர் ஒரு பிரசங்கத்தையோ ஒரு நாள் பயணத்தையோ குறைத்துக்கொள்வது தகாது என்று அதே ஆண்டில் நாட்குறிப்பில் எழுதினார். சொன்னபடியே நடந்தார். அந்த மனைவி அவரை விட்டுப் பிரிந்தார். 1781இல் அவர் இறந்தபோது, அடக்கம் முடிந்த பிறகே வெஸ்லிக்குச் செய்தி தெரிந்தது. வங்காளத்துக்கு 1793இல் வந்த வில்லியம் கேரி பல மொழிகளில் வேதத்தை மொழிபெயர்த்தார் என்று ஞாயிறு பாடசாலையில் படித்தோம். வர விருப்பமில்லாமல் கூட வந்த அவருடைய மனைவி டொரத்தி, மகனொருவனைச் சாகக் கொடுத்து, மனம் பேதலித்து, ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து 1807இல் இறந்ததை எந்த ஞாயிறு பாடசாலையிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இவர்களைச் சிறுமைப்படுத்த நான் வரவில்லை. பெரிய மனிதர்கள். பெரிய மனிதர்களுடைய குறையையும் முன்மாதிரி என்று வைத்துக்கொண்டதுதான் நம்முடைய பிழை.

கத்தோலிக்க நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. குருவானவர் மணமாகாமல் இருப்பதாக வாக்களித்தவர். அவருடைய இரவுகளுக்குக் காத்திருக்க வீட்டில் எவருமில்லை; அது அவர் தெரிந்து ஏற்றுக்கொண்ட வாழ்வு. அந்தத் துறவியின் நாட்காட்டியை அப்படியே எடுத்து, மனைவியும் பிள்ளைகளும் உள்ள பொதுநிலை இளைஞர் ஒருங்கிணைப்பாளர் தலையில் ஏற்றி வைப்பது எந்த இறையியல்?

*

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் பாதி உண்மைதான் சொன்னவன் ஆவேன்.

எழுபதுகளின் கடைசியில் அப்பா ஹட்டனைச் சுற்றிய தோட்டங்களில் உபதேசியார். நடந்தே போவார். வாலிபர் முகாம் என்றால் பத்து நாள் வீட்டில் இருக்கமாட்டார். அப்படி ஒரு முகாமின்போது தங்கைக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தது. நள்ளிரவில் அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க, நான் அரிக்கன் லாம்பு பிடித்துக்கொண்டு முன்னே நடந்தேன். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் மூன்று மைல். தங்கை பிழைத்தாள். அப்பா திரும்பி வந்ததும் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா ஓய்வுபெற்றபோது விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அவரால் மனந்திரும்பிய வாலிபர்கள், படித்து ஆளானவர்கள், கண்ணீரோடு பேசினார்கள். அத்தனையும் உண்மை. அம்மாவை மேடைக்கு எவரும் அழைக்கவில்லை; அவர் சமையற்கட்டில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தபோது ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இதுல பாதி எனக்கு வரணும்." அப்பா பதில் சொல்லவில்லை. சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் என்னிடம் மட்டும் சொன்னார்: "பாதி இல்லடா, முழுக்க அவளுக்குத்தான்."

நானும் யோக்கியன் இல்லை. இரவு மேசையில் பக்கம் முடித்துக் கொடுத்துவிட்டு விடியும் வேளையில் வீடு போனவன். என் மகனுடைய பள்ளிப் பருவத்தில் பாதியைக் கேள்விப்பட்டே அறிந்தவன். பத்திரிகையை நான் மிஷன் என்றேன். அப்பா ஊழியம் என்றார். பெயர்தான் வேறு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. எனக்குச் சங்கம் இருந்தது, வார விடுமுறை இருந்தது, சேமலாப நிதி இருந்தது. நான் வீட்டைப் பாராமல் விட்டது பெரும்பாலும் என் ஆசை. நண்பருக்கு அந்தத் தெரிவே கொடுக்கப்படவில்லை.

*

தியாகம் இல்லாமல் ஊழியம் உண்டா என்பது வழக்கமான கேள்வி. தியாகம் என்பது தனக்குரியதைக் கொடுப்பது. ஒரு பெண்பிள்ளையின் மாலைப் பொழுது அவளுடையது. அதை எடுத்துக் காணிக்கைத் தட்டில் போடத் தகப்பனுக்கு உரிமையில்லை. வாங்கிக்கொள்ளச் சபைக்கும் உரிமையில்லை. தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கேட்கிறார். அந்தக் கேள்வியை ஊழியரை நோக்கியே வீசிப் பழகிவிட்டோம். ஊழியரை வீடு நடத்த விடாத சபையை நோக்கியும் அதே கேள்வி வரவேண்டும்.

பணமில்லை என்பது அடுத்த பதில். தோட்டத்துச் சனங்களின் காணிக்கை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். ஆனால் கன்வென்ஷன் பந்தலுக்குப் பணம் வருகிறது. ஒலிபெருக்கிக்கு வருகிறது. மண்டபத்துக்கு மாபிள் பதிக்க வருகிறது. இதில் எத்தனையோ பங்கு ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருகிறது. இதை வாசிக்கும் புலம்பெயர்ந்த அன்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊருக்குக் காசு அனுப்பும்போது அங்குள்ள ஊழியருக்குச் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்று ஒருமுறையாவது விசாரித்திருக்கிறீர்களா? ஒலிபெருக்கியில் உங்கள் குடும்பப் பெயர் எழுதப்படும். சேமலாப நிதியில் எழுதப்படாது. அதுதான் காரணமென்றால் அதையும் ஒப்புக்கொள்வோம்.

பணம் உண்மையிலேயே இல்லையென்றால் நிகழ்ச்சிகளைக் குறையுங்கள். ஏழு நாளும் கூட்டம் வேண்டும் என்று எந்த வேதமும் சொல்லவில்லை. ஒரே ஆள் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதுமில்லை. 1925இல் பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குருவானவர் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை அமைத்தபோது அதன் அடிப்படையே இதுதான்: இளம் தொழிலாளரிடையே இளம் தொழிலாளரே பணியாற்ற வேண்டும், சிறு சிறு குழுவாகக் கூடி, தம் வாழ்வைத் தாமே பார்த்து, சிந்தித்து, செயற்பட வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் நண்பர் வாரத்துக்கு இரண்டு இரவு வீட்டில் சாப்பிடலாம். எத்திரோ சொன்னதும் இதைத்தான்.

என் கோரிக்கைகள் எளியவை. ஊழியருடைய ஓய்வுநாளை எழுத்தில் கொடுங்கள். அன்று மரணவீடே வந்தாலும் போக வேறொருவரை முன்கூட்டியே நியமியுங்கள். ஞாயிறு பிற்பகலில் சபை எந்தக் கூட்டமும் வைக்கக் கூடாது. அது தோட்டத்துக் குடும்பங்களுக்கும் இருக்கும் ஒரே பொழுது. சம்பளம் என்று சொல்லிச் சம்பளம் கொடுங்கள்; சேமலாப நிதி கட்டுங்கள். மனைவியின் உழைப்பு வேண்டுமென்றால் அவரைத் தனியாகக் கேளுங்கள். முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆண்டறிக்கையில் எத்தனை கூட்டம், எத்தனை வாலிபர் என்று எழுதும் இடத்தில், ஊழியர் எத்தனை நாள் வீட்டில் இருந்தார் என்றும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியைச் சபையார் முன் வாசிக்கக் கூச்சமாக இருந்தால், அந்தக் கூச்சம் நல்ல தொடக்கம்.

*

மறுநாள் காலையில் நான் புறப்பட்டபோது நண்பர் முதல் ஆராதனைக்குப் போய்விட்டிருந்தார். பஸ் நகரத்தை விட்டு இறங்கும்போது, தேயிலை மலையில் பெண்கள் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை; கைக்காசு வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து அவர்கள் தங்கள் ஞாயிறை விற்கிறார்கள். மனம் கனத்தது. ஆனாலும் விலை பேசியாவது விற்கிறார்கள்.

புறப்படும் முன் நண்பரிடம் ஒன்று சொல்லியிருந்தேன். கருத்தரங்கைத் தொடங்கும்போது வந்திருப்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நேரத்தில் உங்கள் மனைவி எங்கே இருக்கிறார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?

கருத்தரங்கு முடிந்த அன்றிரவு அவர் தொலைபேசியில் பேசினார். "கேட்டேன் அண்ணே. கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசல. முன்வரிசையில ஒருத்தர் தலையைக் குனிஞ்சிட்டாரு. அப்புறம் தலைமை வகித்த பெரியவர், சரி, ஜெபத்தோடு தொடங்குவோம்னு சொல்லிட்டாரு."

"நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"நானும் கண்ணை மூடிக்கிட்டேன்" என்றார். பிறகு, மகள் கணிதக் கொப்பியோடு வந்து நிற்கிறாள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். நான் அவரோடு பேசிய இத்தனை ஆண்டுகளில் அவராக முதலில் வைத்தது அன்றுதான்.